ஜைதூன் சொல்லாதது

கிழக்கு வங்காளத்து ஹிஜல்தலாவில் யார் வீட்டில் என்ன ஆக்கினார்கள் என்று தெரிந்துகொள்ள யாரும் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஜைதூன் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிடுவாள். புருஷன் காலமாகிப் பன்னிரண்டு வருஷம். ஒரே மகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் ஒரு வெள்ளைப் பசுவும்தான். பசு பேசாது. ஆகவே ஊர் கேட்க வேண்டியிருந்தது.

கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைப்பேறு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். வந்த இடத்தில் அடுக்குப் பானைக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுவாள். மய்யித்து வீட்டில் எல்லோரையும்விட உரக்க அழுவாள். அழுதுகொண்டே யார் யார் அழவில்லை என்று மனசில் குறித்துக்கொள்வாள். ஊர்ப் பெரியவர் முன்ஷியின் தாடிக்கு மருதாணி போடுவது எந்தக் கிழமை என்று முன்ஷி பெண்டாட்டிக்கு முன்னால் ஜைதூனுக்குத் தெரியும்.

ஆனாலும் அவளுடைய அன்றாட உணவு பக்கத்து வீட்டு அம்பியாதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சணல் குச்சி வேலி, வேலியில் ஓர் ஆள் நுழைகிற சந்து. உச்சிப்பொழுதில் அம்பியா சோறு வடிப்பாள். வடிகஞ்சி ஜைதூனின் பசுவுக்கு. பதினாலு வருஷமாக இது நடக்கிறது. ஜைதூன் மண்பானையோடு சந்துக்குள் நுழைவாள், கஞ்சியை ஊற்றிக்கொள்வாள், நாலு வார்த்தை பேசுவாள், திரும்புவாள். கஞ்சி பசுவுக்கு, சேதி ஊருக்கு. அம்பியா சேப்பங்கீரையைப் புளி போடாமல் கடைந்து புருஷன் தோரிபுல்லாவுக்குத் தொண்டை அரித்தது, இரைப்பு வந்த மனுஷனுக்குக் கருவாடு ஆக்கிப் போட்டது, மருமகள் வேண்டும் என்று மகனிடம் அழுதது எல்லாம் சாயங்காலத்துக்குள் வாய்க்கால் கரை வரை போய்விடும். அம்பியாவுக்கும் தெரியும். கஞ்சியை ஊற்றும்போதே, "இதையும் போய்ச் சொல்லு பூபு" என்று அக்கா முறை சொல்லித்தான் ஊற்றுவாள்.

அந்த வருஷம் பங்குனியில் டாக்காவில் சுட ஆரம்பித்தார்கள். சித்திரை கடைசியில் மேற்குப் பாகிஸ்தானின் கான் பட்டாளம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற தானா ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் இறங்கியது. அம்பியாவின் மகன் மொந்தாஜ், இருபது வயது, ஒரு லுங்கியும் ஒரு முடிச்சுப் பொரியும் எடுத்துக்கொண்டு எல்லைப் பக்கம் போனான். குல்னாவில் மாமன் வீட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள் அம்பியா. ஜைதூன் அதையே ஊருக்குச் சொன்னாள். சொல்லும்போது, "அம்பியா அப்படித்தான் சொல்லுதா" என்று ஒரு வால் சேர்த்தாள். அம்பியாவுக்கு அண்ணன் ஒருத்தன்தான், அவன் குல்னாவைக் கண்ணால் கண்டதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்ததால், அந்த வாலே போதுமானதாக இருந்தது. எல்லா இளவட்டங்களும் துப்பாக்கி பழக எல்லை தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அதை யாரும் உரக்கப் பேசவில்லை.

பாத்ர மாசம், அதாவது ஆவணியில், வெள்ளம் ஏறி வீடுகள் தீவு தீவாக நின்றன. அறுத்த சணலைக் கட்டுக் கட்டாக வாய்க்காலில் அமுக்கி அழுகப் போட்டிருந்த நேரம். ஊர் முழுக்க அந்த நாற்றம். பத்து நாள் போனால் யாருக்கும் அது நாற்றமாகத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை ஜைதூன் பானையோடு போனாள். பானையில் வழக்கம்போல் இரண்டு ஆள் சோற்றுக் கஞ்சிதான் விழுந்தது. திரும்பும்போது அடுக்களைப் பின்புறத்து வாழையைப் பார்த்தாள். வாழையடி வெள்ளை வெளேரென்று ஏடு கட்டிக் கிடந்தது. அம்பியாவின் வாத்துகள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஜைதூன் குனிந்து ஒரு விரலால் தொட்டாள். இளஞ்சூடு இருந்தது. திரும்பவும் அடுக்களைக்குப் போனாள்.

"அம்பியா."

"என்ன பூபு, மறந்துட்டியா எதையாச்சும்?"

"தோரிபுக்கு இரைப்பு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. ஏன்?"

"இல்ல, ஏழு ஆள் சோத்த ஒத்த மனுஷன் திங்கிறாரே, தேவலையாயிருச்சோன்னு கேட்டேன்."

அம்பியாவின் கையில் இருந்த அகப்பை நின்றது.

"கத்தாத பூபு."

"நான் எங்க கத்துனேன். வாழைக்கு எதுக்குடி கஞ்சி ஊத்துற? என் மாடு குடிச்சா அதுக்குக் கொம்பு முளைச்சிருமா?"

அம்பியா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். மேலே பரணில் அடுக்கியிருந்த சணல் குச்சிகள் அசைந்தன. ஒரு கட்டு விலகியது. தாடி மண்டிய ஒரு முகம் கீழே பார்த்தது.

"சாச்சி, நல்லாருக்கீங்களா? என் மூஞ்சியப் பாத்துட்டீங்க. இனி தமுக்கு அடிச்சு ஊருக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி."

"படவா. நீ குல்னாவுல இருக்கேன்னு உங்கம்மா சொன்னா."

"நீங்களும் அப்படித்தான் சொன்னீங்களாமே."

"உங்கம்மா சொன்னதச் சொன்னேன். எனக்கென்ன வந்துச்சு?"

மொந்தாஜோடு இன்னும் நாலு பேர் மேலே இருந்தார்கள். பெரிய ரோட்டு மதகுக்கு வெடி வைத்துவிட்டுத் திரும்பும்போது ஒருவனுக்குத் தொடையில் குண்டு பட்டிருந்தது. டவுன் காலேஜில் படித்தவனாம். காய்ச்சல் கொதித்தது. தோரிபின் ஓட்டைத் தோணியில் இரண்டு பேருக்கு மேல் ஏறினால் முழுகிவிடும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விடியக் கருக்கலில் பெரிய படகு ஒன்று ஏரி வழியாக வருவதாக ஏற்பாடு. அது வரைக்கும் பத்து நாள் இந்தப் பரணில் ஐந்து பேர் மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும்.

அம்பியா அழவில்லை. ஜைதூனின் முகத்தையே பார்த்தாள்.

"பூபு, உன்ன எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்? என் வாய் என்ன சல்லடையா?"

"சல்லடையில கல்லாவது நிக்கும்."

மேலே யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் ஜைதூன். "அல்லா சத்தியமா."

"அவன் இரக்கமுள்ளவன், உன்ன மன்னிச்சிருவான். உன் கன்னுக்குட்டி மேல சத்தியம் பண்ணு."

ஆடியில் ஈன்ற காளைக்கன்று அது. ஜைதூன் பிள்ளை மாதிரி வளர்த்தாள். அம்பியா வேலிச் சந்து வரைக்கும் கூடவே வந்து, அவள் கன்றின் நெற்றியில் கை வைக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அன்றிலிருந்து வாழையடிக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. முழுக் கஞ்சியும் ஜைதூனின் பானைக்கே. மேலே வாழையிலை போட்டு மூடிக்கொண்டு வருவாள். போகும்போது ஒரு செம்பு பாலை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் காலில் குண்டு பட்டவனுக்குக் கொடுத்தாள். பசு நன்றாகக் கறந்தது.

வாய் மட்டும்தான் சும்மா இருக்க வேண்டியிருந்தது.

*

ஊரில் பாதிச் சணல் கபிலுதீன் முன்ஷியின் சணல். யாருக்கு வயிற்றுவலி என்றாலும் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்து வந்தவர் அவர். இப்போது பட்டாளம் உண்டாக்கிய அமைதிக் கமிட்டிக்குத் தலைவராகி, அவர்கள் முகாமுக்குப் பெயர்ப் பட்டியல் கொடுத்துக்கொண்டிருந்தார். தகரக் கூரை மேல் பிறைக்கொடி ஏற்றியிருந்தார். ஊர்ச் சோம்பேறிகள் பதினோரு பேருக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்துப் பட்டாளத்தின் எடுபிடியாக ரஜாக்கர் ஆக்கியிருந்தார். அதில் நாலு பேருக்குத் துப்பாக்கி எந்தப் பக்கம் சுடும் என்பதிலேயே சந்தேகம் என்று ஜைதூன் ஒரு தடவை சொல்லிவைக்க, ஒரு வாரம் ஊர் சிரித்தது.

அழுகிய சணலை ஆண்கள் இடுப்புத் தண்ணீரில் நின்று அலசிக் கரைக்குத் தள்ளுவார்கள். பெண்கள் வரிசையாகக் கரையில் உட்கார்ந்து, அடித்தண்டை ஒடித்து, நாரை ஒரு இழுப்பில் உருவுவார்கள். நார் முன்ஷிக்கு, குச்சி உரித்தவளுக்கு. அதுதான் கூலி, அடுப்பெரிக்கவும் வேலி கட்டவும் ஆகும். காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போகும். கெண்டைக்காலில் அட்டை ஏறும். பேச்சு இல்லையென்றால் அந்த வேலை ஓடாது. முன்ஷி பெண்டாட்டி மர்ஜினா மோடா என்கிற மூங்கில் இருக்கையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள். அவள் நாரைப் பார்த்ததைவிட ஜைதூனின் வாயைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டை விட்டு எங்கும் போகாத பெண்பிள்ளை, பாவம், அவளுக்கும் வேறு என்ன இருக்கிறது.

புதன்கிழமை ஜைதூன் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த கொமேலா ஆரம்பித்து வைத்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷமான சின்னப் பெண், துடுக்கு.

"சாச்சி, இன்னிக்குச் சேதி என்ன?"

"சேதியா? வாத்தியார் வீட்டு ஆடு இருக்குல்ல, அது ரஜாக்கர் பய தொப்பியத் தின்னுருச்சு."

"பொய்."

"நான் எதுக்குடி பொய் சொல்லணும்? பாதித் தொப்பி இன்னமும் வேலியில தொங்குது. துப்பாக்கியத் தூக்கிட்டு ஆட்டை வெரட்டுறான், ஆடு பள்ளிவாசலுக்குள்ள பூந்துருச்சு. அவனுக்கு உள்ள போகப் பயம். உள்ள போனா தொழணுமே."

மர்ஜினா வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். ஜைதூன் நிறுத்தவில்லை. கொல்லன் மாமியார் பல் விழுந்த கதை, பலகாரக்காரன் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய்த் தோணியோடு கவிழ்ந்த கதை எல்லாம் வந்தன. வயிற்றுக்குள் பெரிய சேதி ஒன்று கிடந்து உதைத்தது. அதை மேலே வரவிடாமல் மற்ற சேதிகளை எல்லாம் அள்ளி அள்ளி வெளியே போட்டாள். ஒரே நாளில் ஒரு மாசத்துச் சரக்கு தீர்ந்தது.

வியாழன், வெள்ளி, சனி போயிற்று. சேதிகள் மெலிந்தன. ஊரில் எல்லா வீடும் இரண்டு சுற்று வந்தாயிற்று, ஒரு வீடு தவிர.

ஞாயிற்றுக்கிழமை மர்ஜினா பாக்கை வெட்டிக்கொண்டே கேட்டாள். "ஏண்டி ஜைதூன், அம்பியா இன்னிக்கு என்ன ஆக்கினா?"

"அம்பியாவா? என்னத்த ஆக்குவா. சோறுதான்."

"கூட?"

"கூட… அதான், எப்பவும் ஆக்குறதுதான்."

"உப்புக் கரிக்கலையா? தோரிப் சண்டை போடலையா?"

"ஒண்ணுமில்ல பாபி."

ஜைதூன் வாயிலிருந்து 'ஒண்ணுமில்ல' என்று ஒரு வார்த்தை வந்து அந்தக் கரை கேட்டதில்லை. கொமேலா நாரை உருவாமல் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

"சாச்சிக்கு உடம்புக்குச் சரியில்ல போல" என்றாள்.

மர்ஜினாவுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. இதை அவளே பின்னால் சொன்னாள். அன்று மதியம் புருஷனுக்குச் சோறு போடும்போது வேறு பேச்சு இல்லாமல் இதைப் பேசினாளாம். 'ஊரையே உருட்டுறா, அம்பியாவ மட்டும் விட்டுட்டா. அஞ்சு நாளாச்சு. சண்டையாயிருந்தா இன்னும் நாலு பங்கு பேசியிருப்பாளே.' முன்ஷி மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, 'சண்டையில்லேன்னா என்ன?' என்று கேட்டாராம். 'எனக்கென்ன தெரியும்' என்று இவள் இன்னொரு அகப்பை சோறு போட்டாளாம். அவ்வளவுதான் நடந்தது.

செவ்வாய்க்கிழமை முன்ஷியே கரைக்கு வந்தார். தூறல். குடை பிடித்திருந்தார். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"ஜைதூன், தோரிபுக்கு இரைப்பு எப்படி? மழை நாள்ல ரொம்பக் கஷ்டப்படுவானே. ஓதின தண்ணி அனுப்பட்டுமா?"

"வேண்டாம் முன்ஷி சாகிப். தேவலையாயிருச்சு."

"தேவலையா? பாத்ரத்துலயா?"

பேச்சை வேறு பக்கம் திருப்ப இருக்கிற ஒரே வழி சண்டைதான் என்று அப்போதுதான் தோன்றியது. நாலு நாள் முன்னால் தோன்றியிருக்க வேண்டியது.

"எனக்கென்ன சாகிப் தெரியும்? நான் அந்த வீட்டுப் பக்கம் போறதில்ல. எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையில்ல."

கொமேலா சிரித்துவிட்டாள். "நேத்து வாழையிலை மூடின பானையோட வேலிக்குள்ள இருந்து வந்தீங்களே சாச்சி. கையே ஒடிஞ்சுபோற மாதிரி தூக்கிட்டு வந்தீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். முன்ஷியும் சிரித்தார். "சண்டையிலயும் கஞ்சி ஊத்துறா. அம்பியா நல்ல மனசுக்காரி" என்றார். குடையை மடக்கி, மழைத்தண்ணீரை உதறி, மறுபடி விரித்துக்கொண்டு போனார்.

*

ஜைதூன் அன்று குச்சியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நேரே வேலிச் சந்துக்குள் நுழைந்தாள். அம்பியா புழுங்கரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தோரிப் தூணில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தார்.

"இவங்கள இன்னிக்கே வேற எங்கயாச்சும் அனுப்பிரு அம்பியா."

முறம் நின்றது. "சொல்லிட்டியா?"

"சொல்லல."

"சொல்லிட்ட. உன் மூஞ்சியே சொல்லுது."

"கன்னு மேல ஆணை, ஒரு வார்த்தை சொல்லல. அதுதான்டி இப்ப வினையாப் போச்சு. உன்னப் பத்தி நான் பேசலேன்னு அவங்களுக்குச் சந்தேகம்."

அம்பியா தோரிபைப் பார்த்தாள். தோரிப் அம்பியாவைப் பார்த்தார்.

"பூபு, மனுஷி பேசுற மாதிரி பேசு. பேசினதுக்குப் பட்டாளம் வரும். பேசாததுக்கு யாராவது வருவாங்களா?"

பரணில் குச்சிக்கட்டு விலகியது. "ஒரு வாரம் பேசாம இருந்து சாச்சிக்கு ஜன்னி கண்டுருச்சும்மா" என்றான் மொந்தாஜ். "ஒரு செம்பு மோர் குடு."

மேலே சிரித்தார்கள். காலில் குண்டு பட்டவன்கூடச் சிரித்தான். அவன் குரலை ஜைதூன் அன்றுதான் முதலில் கேட்டாள். பால் குடித்து அவனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

"சிரிக்காதடா. ரெண்டு பேராவது தோணியில போங்க. அப்புறம் ரெண்டு பேர்."

"இவன யாரு தூக்குறது சாச்சி? தோணியில நீட்டிப் படுக்க வச்சா துடுப்புப் போட எடமில்ல. இவன விட்டுட்டுப் போனா நாங்க எதுக்குப் பொறப்பட்டோம்?"

"இன்னும் ரெண்டு நாள்தானே" என்றார் தோரிப், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சாக. "வெள்ளிக்கிழமை வந்துரும்."

வாழ்நாளெல்லாம் வாயால் பிழைத்தவளுக்கு இந்த ஒரு விஷயத்தை விளக்க வார்த்தை அகப்படவில்லை. வாசலில் நின்று, "நாளைக்கு உன்னக் கண்டபடி பேசப்போறேன். கோவிச்சுக்காத" என்றாள்.

"பேசு. எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொல்லு. அது ஊருக்கே தெரிஞ்சதுதான்" என்று அம்பியா முறத்தை எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஜைதூன் பேசினாள். அம்பியாவின் சேப்பங்கீரையில் ஆரம்பித்து, அவள் கட்டுகிற சேலை, அவள் தலையில் ஓடுகிற பேன், தோரிப் அவளை மொத்தினது என்று நடக்காததையெல்லாம் கை காலை ஆட்டிப் பேசினாள். யாரும் சிரிக்கவில்லை. அதில் உயிரில்லை என்பது சணல் உரிக்கிற அத்தனை பெண்களுக்கும் தெரிந்தது. எத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள். மர்ஜினா நிமிரவேயில்லை, பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். முன்ஷியின் படகு அன்று துறையில் இல்லை. காலையிலேயே தானா ஊருக்குப் போய்விட்டது.

*

வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் மூன்று படகு வந்தது. இரண்டில் கான் பட்டாளம், ஒன்றில் முன்ஷியும் ரஜாக்கர்களும். சணல் கட்டுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் கோல் ஊன்றி வந்தார்கள்.

அம்பியா சோற்றுப் பானையைக் கவிழ்த்து வடித்துக்கொண்டிருந்தாள். ஜைதூன் சந்துக்குள் ஒரு காலை வைத்திருந்தாள். முதல் சிப்பாய் முற்றத்தில் ஏறியதும் அந்தக் காலைப் பின்னால் எடுத்தாள். எடுத்த கால் எடுத்ததுதான். அதன் பிறகு நடந்ததெல்லாம் வேலியின் குச்சி இடுக்கு வழியாகப் பார்த்தது.

பரணிலிருந்து இரண்டு தடவை சுட்டார்கள். ஒரு ரஜாக்கர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு கீழேயிருந்து கூரையைச் சல்லடையாக்கினார்கள். மொந்தாஜ் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான், அவன் பின்னால் மூன்று பேர். அவர்களைக் கட்டினார்கள். தோரிபையும் கட்டினார்கள். அவர் கட்டிய கையோடு இரைத்தார். "மேல இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று ஒரு சிப்பாய் உருதுவில் கேட்க, முன்ஷி அதை வங்காளியில் மாற்றிக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கூரையில் தீ வைத்தார்கள். சணல் குச்சி நிறைந்த பரண், நனைந்த கூரைக்குக் கீழே காய்ந்து கிடந்தது. பற்றுவதற்கு வெகுநேரம் ஆகவில்லை. மேலேயிருந்து ஒரு தடவை கூப்பிட்ட குரல் ஜைதூனுக்குத் தெரிந்த குரல்.

அம்பியா சிப்பாயின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான். முன்ஷி குறுக்கே வந்து, "பொம்பளைய விடுங்க" என்று அவளைக் காப்பாற்றினார். இதை அவர் பெரிய தயவாக நினைத்திருக்கக்கூடும்.

படகுகள் பெரிய ரோட்டுப் பாலத்தைப் பார்த்துப் போயின. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் அந்தத் திசையிலிருந்து சத்தம் கேட்டது. ஜைதூன் எண்ணினாள். ஐந்து.

மறுநாள் விடியக் கருக்கலில் அந்தப் பெரிய படகு வந்ததா, இல்லையா, யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் போக யாருக்கும் தைரியம் இல்லை.

*

அம்பியாவை அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனான். நார் காய்ந்தது, வெள்ளம் வடிந்தது, கரையில் ஜைதூனுக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. ஊருக்கு ஒரு கேள்விதான்: அந்த வீட்டுக்குள் தினமும் போய்வந்தது யார்? பதிலும் ஒன்றுதான். கொமேலா சாச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். வாழையிலைப் பானையைப் பற்றி அன்று சிரித்துக்கொண்டு சொன்னவள் அவள் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருந்தால் ஜைதூன் மேல் இன்னும் கோபம் வந்திருக்கும்.

கார்த்திகை நடுவில் விமானங்கள் வந்தன. இரண்டு நாட்டுக்கும் சண்டை என்று ரேடியோவில் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பெரிய ரோட்டில் இந்தியப் பட்டாளத்து லாரிகள் போயின. ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பாலத்தின் மேலேயே நின்று செவ்வந்திப் பூ வீசினார்கள். முன்ஷி மூன்று நாள் முன்பே தாடியை எடுத்துவிட்டு எங்கோ போய்விட்டார். தகரக் கூரையில் வேறு கொடி ஏறியது.

எல்லையிலிருந்து துப்பாக்கியோடு திரும்பி வந்த பையன்கள் மர்ஜினாவை விசாரித்தார்கள். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "ஜைதூன் ஒண்ணுமே சொல்லலப்பா. சொல்லாததுனாலதான் எங்களுக்கு வித்தியாசமாத் தெரிஞ்சது." இதைக் கேட்டு ஒருத்தரும் நம்பவில்லை. தனக்கு ஒற்று சொன்னவளை முன்ஷி பெண்டாட்டி காப்பாற்றப் பார்க்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அது வரைக்கும் கொஞ்சம் சந்தேகத்தோடு இருந்த இரண்டொருவருக்கும் அன்றோடு தீர்ந்தது.

பையன்கள் ஜைதூன் முற்றத்துக்கும் வந்தார்கள். "நான் சொல்லலப்பா" என்றாள். "நீயா சொல்லல?" என்று ஒருவன் கேட்டான். கிழவியைச் சுடுவதற்கு அவர்களுக்கு மனமில்லை. காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

தை பிறந்து அம்பியா திரும்பி வந்தாள். எரிந்த மேட்டின் மேல் குச்சியால் நாலு பக்கம் மறைத்து ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். ஜைதூன் ஏழு நாள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றாள். எட்டாம் நாள் மதியம் போனாள். அம்பியா பாயை வெயிலில் காயப்போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"வா பூபு."

ஜைதூன் நின்றாள். "நான் சொல்லல அம்பியா."

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"மர்ஜினாவும் அதத்தான் சொன்னாளாம்" என்றாள் அம்பியா. "அண்ணன் வந்து சொன்னாரு. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் பூபு. ஒருத்தி வாயே தொறக்காம, ஒண்ணுமே நடக்காம, சும்மா வந்து ஆறு பேரக் கொன்னுட்டுப் போனாங்கன்னா, அத நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? ஒண்ணுமில்லாததுக்கா எம்புள்ள போனான்?"

ஜைதூன் எரிந்த மேட்டைப் பார்த்தாள்.

"நாலு மாசமாத் தூக்கமில்ல. கண்ண மூடினா இதேதான். யாரு, எப்படி, யாருன்னு. நீ சொன்னேன்னு சொல்லிரு. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். அடிக்கமாட்டேன், சபிக்கமாட்டேன். தெரிஞ்சா படுத்துத் தூங்கிருவேன். அவ்வளவுதான்."

ஒரு காகம் மேட்டில் இறங்கிக் கரியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"ஆமா" என்றாள் ஜைதூன். "நான்தான் சொன்னேன்."

அம்பியாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "யார்கிட்ட?"

"மர்ஜினாகிட்ட."

"எங்க வச்சு?"

"வாய்க்கா கரையில. ஞாயித்துக்கெழம."

"யாரு யாரு இருந்தா?"

"யாருமில்ல. எல்லாரும் சோறு திங்கப் போயிருந்தாங்க. அவ மோடாவுல உக்காந்து பாக்கு வெட்டிட்டிருந்தா. நான் நார உருவிக்கிட்டே, ரகசியம் ஒண்ணு இருக்கு பாபின்னேன். என்னடின்னா. அவளுக்கு வெத்தலை வாய் நிறைய. துப்பிட்டு வந்து கேட்டா."

"அப்புறம்?"

"அம்பியா வீட்டுப் பரண்ல ஆளிருக்குன்னேன். எத்தனைன்னு கேட்டா. அஞ்சுன்னேன். ஒருத்தனுக்குக் காலு முடியலன்னேன்."

அம்பியா முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை தவறவிடாமல், வாயைப் பார்த்தபடி கேட்டாள். ஜைதூன் மர்ஜினா என்ன கேட்டாள், தான் என்ன சொன்னாள், அப்போது தூறல் விழுந்தது, குச்சிக்கட்டை இழுத்து மூடினது எல்லாம் சொன்னாள். கை ஆடவில்லை.

"மொந்தாஜ் பேரச் சொன்னியா?"

"சொன்னேன்."

அம்பியா தலையை ஆட்டினாள். எழுந்து பாயை எடுத்து உதறினாள். குடிசைக்குள் விரித்து, ஒருக்களித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஜைதூன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் குச்சி இடுக்கு வழியாகப் பாயில் கோடு கோடாக விழுந்து, நகர்ந்து, வெளியே போயிற்று. எழுந்து போகுமுன் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

அம்பியாவின் கண் திறந்தே இருந்தது.